பிசிறு அடிக்கும் கார் சீட்: ஊசி, பசை, ஒட்டுத்துணி வைத்து நாமே சரிசெய்வது எப்படி?

கார் சீட்டில் ஒரு நூல் தலை நீட்டினால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அதை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்துவிடுவோம். அது தனியாக வராது, பக்கத்து நூல் நாலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அப்புறம் பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று ஒரு சீட் கவரை வாங்கி மேலே மாட்டிவிடுவோம். கவர் மறைக்கும், அவ்வளவுதான். ஏறி இறங்கும்போதெல்லாம் அடியில் உள்ள பிசிறின் மேல் அது உரசிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாள் கழித்துக் கவரைக் கழற்றினால் உள்ளே ஸ்பாஞ்ச் பல்லை இளிக்கும்.

பிசிறு சின்னதாக இருக்கும்போது பிடித்துவிட்டால் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலைதான். மெஷின் வேண்டாம், சீட்டைக் கழற்றவும் வேண்டாம். ஆனால் எந்த இடம், எதனால் பிரிந்தது என்று முதலில் தெரிய வேண்டும். தையல் விட்ட இடத்தில் பசையைத் தடவுவதும், துணி தேய்ந்த இடத்தில் வெறும் ஊசியை ஓட்டுவதும்தான் இந்த வேலையைக் கெடுப்பவை.

நம்ம பக்கத்து கார்களில் ஏன் சீக்கிரம் போகிறது?

வட சென்னையில் ராயபுரம், கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் வீட்டோடு கார் நிறுத்த இடம் இருப்பவர்கள் குறைவு. தெருவோரம்தான் நிற்கும், நாள் முழுக்க வெயிலும் வாங்கும். கத்திரி நேரத்தில் மூடிய காருக்குள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் புற ஊதாக் கதிர் கணிசமாக உள்ளே வருகிறது. அது முதலில் தின்பது துணியை அல்ல, தையல் நூலை. அதனால்தான் துணி பார்க்கப் புதிதாகவே இருக்கும், தையல் மட்டும் வாயைப் பிளந்திருக்கும்.

அடுத்தது தூசி. மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போய் வருபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மணல் தூள் துணியின் இழைகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. நாம் உட்காரும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் மாதிரி உள்ளிருந்தே இழையைத் தேய்க்கிறது. சீட்டைத் தட்டினால் புகை மாதிரி தூசி கிளம்புகிறதா? அப்படியானால் உங்கள் சீட்டுக்குப் பெரிய எதிரி அதுதான்.

காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டி வண்டி நிற்கிறது என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சீட் துணியை அடியில் கம்பியோடு பிடித்து வைத்திருப்பவை சின்னச் சின்ன இரும்பு வளையங்கள். அவை துருப்பிடித்தால் துணியின் ஓரத்தை அறுத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வண்டியாக இருந்தால் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து இந்த வளையங்களை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊர் வண்டிகளில் ஓட்டுநர் வலது கதவு வழியாக ஏறி இறங்குவதால், ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு, அதாவது வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கும் பகுதி, முதலில் தேயும். ஜீன்ஸ் பேன்ட்டின் பின்பாக்கெட் ரிவெட், பெல்ட் பக்கிள், இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து எல்லாம் அங்கேதான் உரசும். பின் சீட்டில் நூல் தூக்கியிருந்தால் புடவையில் குத்திய ஊக்கோ, கொலுசோ, குழந்தையின் ஷூவில் உள்ள ஒட்டுப்பட்டையோ காரணமாக இருக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் துணியை மட்டும் சரிசெய்தால் அதே இடம் மறுபடி போகும்.

இரண்டு இடங்களில் கை வைக்கவே வேண்டாம்

முதலாவது சீட் பெல்ட். பெல்ட் நாடாவின் ஓரத்தில் பிசிறு வந்திருந்தால் அதைத் தைப்பது, ஒட்டுவது, லைட்டரால் பொசுக்குவது எதுவும் செய்யக் கூடாது. விபத்தில் நம் முழு எடையையும் தாங்க வேண்டிய நாடா அது. இழை அறுந்திருந்தால் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பெல்ட்டை முழுதாக மாற்றுவது மட்டும்தான் வழி. அதையும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதிதாக வாங்கி மாற்றுங்கள். புதுப்பேட்டையில் பழைய பெல்ட் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அது எந்த விபத்திலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, முன் சீட் சாய்மானத்தின் வெளிப்பக்கத்தில் ‘எஸ்ஆர்எஸ் ஏர்பேக்’ என்று ஒரு சின்னப் பட்டையோ லேபிளோ தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. அங்குள்ள தையல், மோதலின்போது பிய்ந்து ஏர்பேக்குக்கு வழிவிடும்படி திட்டமிட்டுப் போட்டது. அதை நாம் கெட்டியான நூலில் தைத்து வைத்தால் ஏர்பேக் சரியாக விரியாது. அந்தப் பக்கத்துத் தையலை சர்வீஸ் சென்டருக்கு விட்டுவிடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் கனெக்டர் இருந்தால் அதையும் பிடுங்க வேண்டாம்.

உட்காரும் மெத்தை, சாய்மானத்தின் நடுப்பகுதி, பின் சீட், கார்பெட் ஆகியவற்றில் நாம் தாராளமாக வேலை செய்யலாம். பின் சீட்டின் வெளி ஓரங்களிலும் அந்த லேபிள் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

வளைந்த ஊசிதான் முக்கியம். அரை வட்டமாக இருக்கும். சீட்டைக் கழற்றாமல் ஒரே பக்கத்திலிருந்து தைக்க இதை விட்டால் வழியில்லை. நேர் ஊசி உள்ளே போகும், வெளியே வராது. தையல் சாமான் கடையில் ‘மெத்தை தைக்கும் வளைந்த ஊசி’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கோணி ஊசியை எடுத்து நிமிர்த்தி வளைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். அது போடும் ஓட்டை பெரிது, அதுவே அடுத்த பிசிறுக்குப் பிள்ளையார் சுழி.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், கனமானதாக இருக்கட்டும். சட்டை தைக்கும் நூல் ஒரு கோடை தாங்காது. பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். நைலான் நூல் இழுப்பு தாங்கும், ஆனால் வெயில் நேராக விழும் இடத்தில் பாலியஸ்டர் அளவுக்கு நிற்காது. கடைக்காரர் நம்பர் கேட்டால் 40 டிக்கெட் என்று சொல்லுங்கள், ரெக்சின் பை தைக்கும் நூல் என்றாலும் புரிந்துகொள்வார். நிறம் சரியாகக் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் கருமையாக எடுங்கள். வெளிர் நூல் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும்.

உள்ளே வைக்கும் ஒட்டுக்குக் காடாத் துணியோ டிரில் துணியோ கால் மீட்டர் போதும். எம்.சி. ரோட்டில் கட்பீஸ் கடைகளுக்குப் பஞ்சமா என்ன! வெளியே தெரியும் ஒட்டுக்கு மட்டும் அதே சீட்டின் துணி வேண்டும். சீட்டின் அடியில் மடிந்து போயிருக்கும் பகுதியில் உபரித் துணி இருக்கும், அதிலிருந்து ஒரு துண்டு வெட்டலாம். அது போதாது என்றால் அதே மாடல் வண்டியின் பழைய சீட் புதுப்பேட்டையில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சொதப்பும் இடம் இது. வீட்டில் கிடக்கும் வெள்ளை ஃபெவிகால் மரத்துக்கானது. ஈரத்திலும் காருக்குள் வரும் சூட்டிலும் இளகிவிடும். ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும், சுற்றிலும் வெள்ளை படியும், விறைத்த ஓரத்தில் துணி மறுபடி முறியும். பருத்தித் துணியில் பட்டால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். க்ளூ கன்னில் உருக்கி ஊற்றும் குச்சிப் பசை சூட்டில் ஒட்டி, சூட்டிலேயே விட்டுவிடும் ரகம். தெருவோர கார் அதற்கு ஏற்ற இடமே இல்லை. துணியோடு துணி ஒட்ட, காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் துணிப் பசைதான் சரி. கைவினைப் பொருட்கள் விற்கும் கடையில் ஃபேப்ரிக் க்ளூ என்று கேளுங்கள். கார்பெட், கதவுப் பலகை மாதிரி கெட்டியான பரப்பில் துணியை ஒட்ட ஃபெவிகால் எஸ்ஆர் வகை ரப்பர் பசை நன்றாகப் பிடிக்கும்.

இவற்றோடு கூரான சின்னக் கத்தரி, ட்வீசர், ஐஸ்கிரீம் குச்சி, நிறமில்லாத நெயில் பாலிஷ், கொஞ்சம் மெழுகு.

முதலில் சுத்தம், அப்புறம்தான் ஊசி

தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் துணியில் பசை ஒட்டாது. வேக்கூம் போட்டு இடுக்குகளை உறிஞ்சுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் மட்டும் குழாயின் வாயில் பழைய நைலான் சாக்ஸைக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நூலையும் சேர்த்து இழுத்துவிடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். தலை சாயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் ஊறியிருந்தால் இரண்டு மூன்று முறை ஒற்ற வேண்டியிருக்கும்.

கதவைத் திறந்து வைத்து முழுதாகக் காயவிடுங்கள். மழைக் காலத்தில் மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஸ்பாஞ்ச் உள்ளே ஈரமாகவே இருக்கும். ஒரு இரவு ஃபேன் காற்றுக்கு விட்டால் நல்லது.

நூல் மட்டும் தூக்கியிருந்தால்

இது எளிது. அறுபடாமல் வளையமாக வெளியே வந்த நூலை வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். பக்கத்துத் துணியை இரண்டு விரலால் மெதுவாக நீவினால் பாதி வளையம் தானாகவே உள்ளே போய்விடும். மிச்சத்தை, பெரிய துளையுள்ள மெல்லிய ஊசியில் மாட்டி, அது வெளிவந்த அதே இடத்தில் குத்தி அடிப்பக்கம் தள்ளிவிடுங்கள். நூல் ஏற்கெனவே அறுந்திருந்தால் இரண்டு முனையையும் இப்படியே உள்ளே தள்ளி, குண்டூசி நுனியால் தொட்டு ஒரே ஒரு பொட்டு துணிப் பசை வைத்தால் போதும்.

தையல் விட்டிருந்தால்: மறைதையல்

துணி இரு பக்கமும் நன்றாக இருக்கிறது, நடுவில் தையல் நூல் மட்டும் இற்றுவிட்டது. கார் சீட்டில் அதிகம் வருவது இதுதான், நாமே செய்து நூறு சதவீதம் திருப்தியாக முடிக்கக் கூடியதும் இதுதான். ஆகவே பொறுமையாகப் பார்ப்போம்.

1. விட்டுப்போன தையலின் பழைய நூல் துணுக்குகளை ட்வீசரால் பொறுக்குங்கள். இரு ஓரங்களிலும் மெஷின் போட்ட ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அவற்றை மூடிவிடாதீர்கள், நம் ஊசி அந்தத் துளைகளிலேயே போக வேண்டும்.

2. நூலை ஒரு முழம், மிஞ்சிப் போனால் ஒன்றரை முழம் வெட்டுங்கள். நீள நூல் சிக்கிக்கொள்ளும், உரசி உரசி நைந்தும் போகும். மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். ரோட்டோரம் செருப்புத் தைக்கும் அண்ணன்மார் நூலில் மெழுகேற்றுவதும் இதற்காகத்தான்.

3. பிரிந்த இடத்தில் தொடங்காதீர்கள். அதற்கு இரண்டு விரற்கடை முன்னால், தையல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். முடிச்சைத் துணியின் மடிப்புக்கு உள்ளே மறைத்து, ஒரே இடத்தில் இரண்டு முறை குத்தி இறுக்குங்கள்.

4. இனி ஊசி இடது பக்க மடிப்புக்குள் ஒரு துளையில் இறங்கி, மடிப்பின் உள்ளாகவே ஓடி, அடுத்த துளையில் வெளியே வர வேண்டும். வெளிவந்த இடத்துக்கு நேர் எதிரே வலது பக்க மடிப்பில் இறங்கி, அதே மாதிரி ஓடி அடுத்த துளையில் வர வேண்டும். மறுபடி இடது. குறுக்கே தெரியும் நூல்கள் ஏணிப்படி மாதிரி நேராக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் இறுக்கும்போது துணி சுருங்கிக் கோணிக்கொள்ளும்.

5. நான்கைந்து தையலுக்கு ஒரு முறை நூலை இழுங்கள். மேல்நோக்கி இழுக்காமல், தையல் போகும் திசையிலேயே படுக்கை வாக்கில் இழுங்கள். ஏணிப்படிகள் ஒவ்வொன்றாக உள்ளே மறைந்து இரண்டு மடிப்பும் வாய் மூடிக்கொள்வதைப் பார்க்கலாம். கை நின்று போகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் துணி கிழியும்.

6. பிரிந்த இடத்தைத் தாண்டி இன்னும் இரண்டு விரற்கடை தைத்து, இரட்டை முடிச்சு போட்டு, ஊசியைச் சீட்டுக்குள் ஆழமாகக் குத்தித் தள்ளி வேறிடத்தில் வெளியே எடுத்து, நூலை இழுத்துப் பிடித்தபடி ஒட்ட வெட்டுங்கள். வால் உள்ளே போய்விடும்.

அரை அடி தையலுக்கு முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகலாம். பெருவிரலுக்குத் தோல் உறை இருந்தால் ஊசியின் காதைத் தள்ளும்போது வலிக்காது. ஸ்பாஞ்ச் துருத்திக்கொண்டு தைக்க விடாமல் தொந்தரவு செய்தால், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் தையல் தெரிந்த அம்மாவோ அத்தையோ இருந்தால் நீங்கள் அழுத்திப் பிடியுங்கள், அவர் தைக்கட்டும்.

தையலை ஒட்டித் துணியே உருவியிருந்தால்

இதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தையல் நூல் அப்படியே இருக்கும், ஆனால் அதன் பிடியிலிருந்து துணியின் இழைகள் நழுவி, ஓரத்தில் தாடி மாதிரி தொங்கும். இங்கே மறைதையலை மட்டும் போட்டால் ஒரு மாதம் கூட நிற்காது, ஏனென்றால் ஊசிக்குப் பிடிக்க அங்கே துணியே இல்லை. துணிக்கு அடியில் ஒரு புது ஆதாரம் கொடுக்க வேண்டும்.

பிசிறுகளை 3 மில்லிமீட்டர் மட்டும் விட்டு நேராக வெட்டுங்கள். ஓரத்தில் துணிப் பசையையோ நிறமில்லாத நெயில் பாலிஷையோ 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். இதோடு உருவுவது நின்றுவிடும். முதலில் சீட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தடவிப் பாருங்கள், சில துணிகளில் இது ஈரம் பட்ட மாதிரி கரும்பட்டையாகத் தெரியும்.

டிரில் துணியில் இரண்டு அங்குல அகலப் பட்டையைக் கிழிசலின் நீளத்தைவிட இரு பக்கமும் ஒரு அங்குலம் அதிகமாக வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள், கூர் மூலைதான் முதலில் உரியும். ஐஸ்கிரீம் குச்சியால் பட்டையைத் துணிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே நுழைத்து, பாதி அகலம் பழுதான துணிக்கு அடியில் இருக்கும்படி ஒட்டுங்கள். அந்தச் சீட் துணியின் பின்னாலேயே சில மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். பசையை அதில் ஊற விடாமல் மெல்லிசாகத் தடவ வேண்டும். ஊறினால் காய்ந்து கட்டியாகி, உட்காரும்போது கல் மாதிரி குத்தும்.

ஒரு இரவு காயட்டும். மறுநாள் துணியின் ஓரத்தை உள்ளே மடித்து, அடியில் உள்ள பட்டையையும் சேர்த்துப் பிடித்தபடி முன்பு சொன்ன மறைதையலைப் போடுங்கள். ஊசி விளிம்பிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். துணி குறைந்துவிட்டதால் அந்த இடம் லேசாக இழுத்துக்கொண்டு தெரியும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, அதற்காக விட்டுவிடவும் கூடாது.

நடுவில் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தால்

ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் ஓட்டை, சிகரெட் பொட்டு, பட்டாசுப் பொறி மாதிரியானவற்றை நாமே அடைக்கலாம். உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்துவிட்டால் அந்தப் பலகையையே, அதாவது தையலுக்குத் தையல் உள்ள அந்தத் துணிப் பகுதி முழுவதையுமே மாற்ற வேண்டும், அது குஷன் கடை வேலை.

கருகிய, விறைத்த ஓரங்களைக் கத்தரியால் அகற்றுங்கள். ஸ்பாஞ்ச் குழிந்திருந்தால் அதே அளவில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை வெட்டி அடையுங்கள். குஷன் கடையில் கழிவுத் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஓட்டையைவிடச் சுற்றிலும் 2 சென்டிமீட்டர் பெரிதாக, அதே சீட் துணியில் வட்டமாக ஒட்டு வெட்டுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. துணியை நீளவாக்கில், அகலவாக்கில் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் அதிகம் நீள்கிறதோ, சீட்டிலும் அதே பக்கம் வரும்படி ஒட்டு அமைய வேண்டும். மாற்றி வைத்தால் ஒரு மாதத்தில் சுற்றிலும் சுருக்கம் விழும். டிசைன் இருந்தால் கோடுகளையும் சேர்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஒட்டைச் சுருட்டி ட்வீசரால் ஓட்டைக்குள் நுழைத்து உள்ளே விரியுங்கள். குச்சியால் அதன் ஓரத்தில் பசை தடவி, மேல் துணியை அதன் மேல் இழுத்து அழுத்துங்கள். பிளாஸ்டிக் கவரைப் போட்டு அதன் மேல் கனமான புத்தகம் ஏதாவது ஒன்றை வைத்து ஒரு இரவு விடுங்கள். காய்ந்த பிறகு மெல்லிய ஊசியில் அதே நிற நூலைக் கோத்து, ஓட்டையின் ஓரத்தைச் சுற்றி நெருக்கமாகச் சின்னச் சின்னத் தையல் போடுங்கள். சட்டையில் காஜா எடுக்கும் மாதிரிதான். பசையை மட்டும் நம்பி விட்டால் கைப்பிள்ளை ஒன்று நகத்தால் நோண்டியே எடுத்துவிடும்.

டெய்லர் கடையில் காலருக்குப் போடும் ஒட்டுக் கேன்வாஸை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கவரைக் கழற்றி மேஜையில் போட்டுச் செய்தால் சரி. சீட்டிலேயே வைத்துத் தேய்த்தால் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் அமுங்கிப் பள்ளமாகிவிடும், நான் அதைச் சொல்ல மாட்டேன்.

லைட்டர் வித்தை

நைலான் கயிற்றின் நுனியைப் பொசுக்கி உருக்கிவிடுகிறோமே, சீட்டிலும் செய்தால் என்ன என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். துணிக்குப் பின்னால் இருப்பது பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச், தீ பட்டால் மளமளவென்று பிடிக்கும், புகையும் விஷம். வண்டியிலிருந்து தனியாக எடுக்க வரும் மேட்டின் ஓரத்துக்கு மட்டும், அதையும் வெளியே வைத்துச் செய்யலாம்.

அதற்கும் முன் ஒரு இழையைப் பிடுங்கிச் சோதியுங்கள். கிடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டும்போது உருகிக் கெட்டியான கறுப்புப் பொட்டாக நின்றால் பாலியஸ்டர் மாதிரி செயற்கை இழை, உருக்கி அடைக்க முடியும். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தியோ சணலோ, அதை உருக்க முடியாது, எரிந்தேதான் போகும்.

கார்பெட், மேட்

தரை கார்பெட் பெரும்பாலும் பெடல்களுக்குக் கீழே குதிகால் படும் இடத்தில்தான் தேயும். நூல் நூலாகத் தொங்கும் ஓரத்தை நேராக வெட்டி, கார்பெட்டின் ஓரத்திலும் அடிப்பரப்பிலும் எஸ்ஆர் பசையைத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை 10, 15 நிமிடம் காயவிட்டு அழுத்துங்கள். இந்த வகைப் பசைக்கு இரண்டு பக்கமும் தடவ வேண்டும், காயவும் விட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிக்காது. மழை நாளில் இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கள். நெடி தலையைச் சுற்றும், எளிதில் தீப்பிடிக்கும் சமாச்சாரம். நாலு கதவையும் திறந்து வையுங்கள், ஊதுவத்தி சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

தனி மேட்டின் ஓரம் பிரிந்திருந்தால் ரெக்சின் பட்டையை மடித்துச் சுற்றிலும் தைத்துவிடலாம். செருப்புத் தைப்பவரிடமே கொடுத்தால் நம்மைவிட நேர்த்தியாகச் செய்துவிடுவார். ஓட்டுநர் பக்க மேட்டில் தொங்கும் நூலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பெடலில் சிக்கினால் வினை.

தலைக்கு மேல் துணி

கூரைத் துணியில் இரண்டு பிரச்சினை வரும், இரண்டும் வேறு வேறு. கதவுக்கு மேலே ஓரத்தில் துணி நழுவிப் பிசிறு தெரிந்தால், கதவு ரப்பர் பீடிங்கை அந்த இடத்தில் மட்டும் கையால் இழுத்து, பழைய ஏடிஎம் கார்டால் துணியை உள்ளே சொருகி, பீடிங்கைத் திரும்ப அழுத்திவிட்டால் போதும். தேவைப்பட்டால் துளி துணிப் பசை. தூணையோ ஓரப் பலகையையோ கழற்றப் போக வேண்டாம், பல வண்டிகளில் திரை ஏர்பேக் அங்கேதான் மடிந்திருக்கிறது.

நடுவில் துணி பந்தல் மாதிரி தொங்கினால் அது பிசிறு அல்ல. துணிக்குப் பின்னால் உள்ள மெல்லிய ஸ்பாஞ்ச் சூட்டில் பொடியாகிவிட்டது. விரலால் தேய்த்தால் பழுப்புத் தூள் கொட்டும். அந்தத் தூளின் மேல் எந்தப் பசையும் நிற்காது. குண்டூசி குத்தி வைப்பது ஊருக்குப் போய் வரும்வரை தாங்கும். முழுக் கூரைப் பலகையையும் இறக்கி, தூளைச் சுரண்டிப் புதுத் துணி ஒட்ட வேண்டும். அதைக் கடையில் கொடுத்துவிடுங்கள், கழுத்தைத் தூக்கிக்கொண்டு நாம் செய்து மாளாது.

திரும்ப வராமல் இருக்க

வாரம் ஒரு முறை வேக்கூம், இல்லையென்றால் பிரஷ்ஷால் தட்டல். முன் கண்ணாடிக்கு உள்ளே வெயில் தடுப்பு அட்டை. பக்கக் கண்ணாடிக்குக் கழற்றி மாட்டும் வலையை வண்டி நிற்கும்போது மட்டும் போடுங்கள். ஏறும்போது சீட் விளிம்பில் தொடையைத் தேய்த்து வழுக்காமல், உட்கார்ந்து பிறகு காலை உள்ளே எடுங்கள். வலது விளிம்பு எத்தனை நாள் கூடுதலாக நிற்கும் என்று நீங்களே பார்ப்பீர்கள். வாடகைக்கு ஓட்டுபவர்கள் பின் சீட்டின் இடது விளிம்பையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், சவாரி ஏறி இறங்குவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

சரிசெய்த பிறகு சீட் கவர் போடுவது என்றால் போடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு, அந்த இடத்தில் திறப்பு விட்டுத் தைத்த கவராகப் பார்த்து வாங்குங்கள்.

குஷன் கடைக்குப் போகும்போது

பலகையே மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டால், வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பக்கம் குஷன் ஒர்க்ஸ் என்று போர்டு போட்ட கடைகளில் விசாரியுங்கள். முழு சீட்டுக்கும் புது ரெக்சின் அடித்துத் தருகிறேன் என்றுதான் முதலில் சொல்வார்கள். அவர்களுக்கு அது சுலபம். ‘அண்ணே, இந்த ஒரு பலகை மட்டும் மாத்தினா போதும், மத்தது நல்லாத்தான் இருக்கு’ என்று விரலால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். பாலியஸ்டர் நூலில் தைப்பார்களா, பழைய வளையங்களை மாற்றுவார்களா என்று கேளுங்கள். ஏர்பேக் உள்ள சீட் என்றால் அதைச் சொல்லிவிட்டு, அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய துணியைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். அடுத்த ஓட்டைக்கு அந்த வண்டியின் நிறத்திலேயே வெயில் வாங்கிய துணி வேறெங்கும் கிடைக்காது.